மைதீன் பிச்சையின் இரண்டு கைகள்

யானையின் காதைக் காட்ட மைதீன் பிச்சைக்கு இரண்டு கைகளும் வேண்டும். கொழும்பில் ஒரு தேயிலைக் கடைக்குள் யானை நுழைந்த கதை அது. வாரத்துக்கு இரண்டு முறை சொல்கிறார். காது வரும் இடத்தில் வால்வின் பிடியை விட்டுவிட்டுக் கைகளை விரிக்கிறார். பிடி தானாகவே நடுவுக்கு வந்து நிற்கிறது. ஏறிக்கொண்டிருந்த இரும்பு மேசை பாதியில் நின்றுவிடுகிறது. சுற்றி நிற்கும் நான்கு பெண்களும் சிரிக்கிறார்கள்.

குளச்சல் கடற்கரையில் உள்ள தும்பு பிரஸ் அது. தேங்காய் நாரை அமுக்கிப் பொதியாக்கிக் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். கப்பலில் இடம் குறைவு. பொதி சிறுக்க வேண்டும். சிறுக்க வைப்பது தண்ணீர். எஞ்சின் பம்பை ஓட்டுகிறது, பம்பு தண்ணீரை நெருக்கித் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது வால்வு.

வால்வு பெரிய விஷயம் அல்ல. பித்தளைக் கூட்டுக்குள் ஒரு தண்டு. தண்டில் சில இடங்களில் கழுத்து போல ஒடுக்கம். பிடியை அசைத்தால் தண்டு நகரும். ஒடுக்கம் எந்தக் குழாய்களுக்கு நேரே வருகிறதோ அவை ஒன்று சேரும், மற்றவை அடைபடும். பிடியை முன்னே தள்ளினால் பம்புத் தண்ணீர் உருளைக்குள் போய் மேசையைத் தூக்கும். மேலே உள்ள இரும்பு விட்டத்தோடு தும்பு நசுங்கும். பின்னே இழுத்தால் உருளைத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். மேசை தன் எடையிலேயே இறங்கும். நடுவில் நிறுத்தினால் உருளையின் வாய் அடைபடும். பம்புத் தண்ணீர் வேலை இல்லாமல் தொட்டிக்குப் போகும். மேசை ஏறாது, இறங்காது.

இதை நான் மெக்கானிக் வேலைக்காக ஒரு வருடம் படித்தேன். மைதீன் பிச்சைக்கு ஒரு மூச்சு போதும்.

"முன்னால தள்ளுனா மாமியாரு வீடு, நெருக்கும். பின்னால இழுத்தா அம்மை வீடு, அவுத்து விடும். நடுவுல வழி. வழியில போறவள ஒருத்தரும் ஒண்ணும் செய்ய முடியாது. கேட்டியா மக்கா?"

மேசை அந்த 'வழி'யில் நிற்கும்போதுதான் பெண்கள் கையை உள்ளே விடுகிறார்கள். மேசையிலும் விட்டத்திலும் பள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் கைவிட்டுக் கயிற்றை வாங்கி முடிச்சுப் போட வேண்டும். அந்த நேரத்தில் பிடி முன்னே போனால் விரல் நசுங்கும். பின்னே போனால் தும்பு விம்மும். கயிறு விரலை அறுக்கும். என் அம்மா செல்லபாய் பதினேழு வருடம் அந்தப் பள்ளத்தில் கைவிட்டு என்னைப் படிக்க வைத்தாள். போன மாதம் காய்ச்சலில் இறந்தாள். பத்து விரல்களும் இருந்தன.

மைதீன் பிச்சைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். அகலமான பச்சை பெல்ட்டில் வெற்றிலைப் பெட்டி, கத்தி, சீப்பு எல்லாம் தொங்கும். தலையில் முடி கிடையாது. மேனேஜர் ததேயுஸின் குடை போன வருடம் ஒரு பொதிக்குள் அகப்பட்டு ஹாம்பர்க் போய்விட்டது. எப்படிப் போனது என்று விசாரணை நடந்தது. "சீமையிலயும் மழை பெய்யுமே சாறே" என்று மட்டும் மைதீன் பிச்சை சொல்லியிருக்கிறார்.

வால்வு ஒழுகுகிறது என்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். தோல் வளையம் தேய்ந்திருந்தது, மாற்றினேன். அப்போதுதான் பிடி ஏன் தானாக நடுவுக்கு வருகிறது என்று பார்த்தேன். இருபுறமும் ஆணி. ஆணிக்கும் பிடிக்கும் நடுவே சைக்கிள் டியூப் ரப்பர் இழுத்துக் கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு ஒட்டு. கோணலான ஒட்டு. நான் ஒட்டியது.

"ஒனக்க அம்மை கொண்டுவந்ததாக்கும்" என்றார் மைதீன் பிச்சை. "'காக்கா, பிடியைக் கெட்டணுமா, ஒமக்க கையைக் கெட்டணுமா? ஏதாவது ஒண்ணக் கெட்டாம நான் உள்ள கை விடமாட்டேன்'ண்ணு சொன்னா. கையைக் கெட்டுனா நான் ஊமையில்லா?"

கோழிக்கூட்டுக் கதவுக்கு வேண்டும் என்றுதான் அம்மா என்னிடம் அந்த டியூபை வாங்கினாள்.

மறுநாள் ஒழுக்கு நின்றதா என்று பார்க்க நான் மறுபடி போனேன். கப்பல் வந்து தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. இடவப்பாதி மழைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கடல் கொந்தளித்தால் பொதியைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் வள்ளம் போகாது. ததேயுஸ் உள்ளே வந்தபோது யானை கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது, மேசை நின்றிருந்தது.

"ஒனக்க கதைக்காக பிரஸ் நிக்குதா?" என்று பேனாக்கத்தியை எடுத்து இரண்டு ரப்பரையும் அறுத்தார். "இனி பிடி வச்ச எடத்துல நிக்கும்."

நிற்காது. எஞ்சின் அதிர்வில் மெல்ல நழுவும். சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மைதீன் பிச்சை யானையைக் கடைவாசலிலேயே விட்டார். பிடியை இரண்டு கைகளாலும் பற்றி நின்றார். அடுத்த பொதி நசுங்கியது, பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தார், பெண்கள் கைவிட்டார்கள்.

"சாறே, எனக்க மூக்கு அரிக்குது."

"சொறிஞ்சுக்கோ."

"உள்ள எட்டுக் கை கெடக்கு. விட்டா பிடி எங்க போவும்ணு படைச்சவனுக்குத்தான் தெரியும். இண்ணைக்கு எனக்க கை ரெண்டும் கம்பெனிக்க கை. நீங்கதான் சொறியணும்."

ததேயுஸ் சுற்றிப் பார்த்தார். என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, என் கையெல்லாம் எண்ணெய். சொறிந்தார்.

"அங்க இல்ல. கொஞ்சம் மேல. ஆங். நல்ல கை சாறே உங்களுக்கு."

"ஏட்டி, சிரிக்காத, முடிச்சு அவுருது" என்று நால்வரில் ஒருத்தியான ஜெயபாய் மற்றவர்களை அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு வியர்வை. பிறகு ஈ. பிறகு வெற்றிலையை மடித்து வாயில் வைக்க வேண்டியிருந்தது. "சுண்ணாம்பு கூடிப்போச்சு சாறே" என்று குறை வேறு.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. "தொழுதுட்டு வாறேன். பிடியைப் பிடியுங்க" என்று மைதீன் பிச்சை கிளம்பிவிட்டார்.

ததேயுஸ் பிடித்தார். பொதி நசுங்கியது. நடுவில் நிறுத்தினார். எட்டுக் கைகள் உள்ளே போயின.

"சாறே, தும்மிராதீங்க" என்றாள் ஜெயபாய்.

ததேயுஸின் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கை நடுங்கியது, பிடியும் நடுங்கியது. மூன்று பொதி போட்டார். மைதீன் பிச்சை ஆற அமரத் திரும்பி வந்தபோது ததேயுஸ் கேட்டது ஒன்றுதான்: "அந்த ரப்பர் எங்க?"

என் சட்டைப் பையில் இருந்தது. அறுந்த இடங்களில் முடிச்சிட்டு நானே கட்டினேன்.

ஆனால் ஜெபகுமாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் அம்மாவின் இடத்துக்கு அந்த வாரம்தான் வந்தவள்.

"சாறுக்க கை வெறச்சதப் பாத்தேன். ரப்பரும் முடிச்சுப்போட்ட ரப்பர். எனக்க கை இனி உள்ள போவாது."

நாலாவது கயிறு இல்லாமல் பொதி நிற்காது. அவளை யாரும் திட்டவில்லை. மைதீன் பிச்சை பிடியை முன்னே தள்ளினார். தும்பு நறநறத்தது. பிடியை விட்டார். அது நடுவுக்கு வந்து, ஒருமுறை ஆடி, நின்றது. மேசையைச் சுற்றி நடந்து வந்து, ஜெபகுமாரியை மெல்ல விலக்கி, சட்டைக் கையை மடக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை பள்ளத்துக்குள் விட்டார். பிடியின் அருகில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து விரல் சொடுக்கும் சத்தம் கேட்டது. கயிறு கேட்கிறார்.