போட்டி மீனுக்குப் போட்ட பொரி

ஓசூர் தொழிற்சாலையிலிருந்து என்னையும் உடன் வேலை பார்த்த முனிராஜையும் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்ணமீன் போட்டி பார்க்கப் போனோம். நீலத் தொட்டிகளில் சிவப்பும் வெள்ளையுமாக முழங்கை நீள மீன்கள். ஏதோ கோயில் குளத்துப் படியில் நிற்கிற நினைப்பில், ஊரிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த பேரிகைச் சந்தைப் பொரியை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டேன்.

மீனை வளர்த்தவர் வலையோடு ஓடிவந்து, பொரியை அள்ளியபடியே ஏதோ சொன்னார். ஜப்பானிய மொழி கொஞ்சம் கற்றிருந்த முனிராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், தண்ணி கலங்கக் கூடாதுன்னு மூணு நாளா மீனப் பட்டினி போட்டு வெச்சிருக்காங்களாம்யா! நடுவருங்க இன்னும் பாக்கவே இல்லையாம்!"

மீனை வளர்த்தவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவரோ என் பொட்டலத்திலிருந்து ஒரு பொரியை எடுத்து மென்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டி முடிந்தது. அவர் மீனுக்குப் பரிசு இல்லை. நழுவப் பார்த்த என் கையைப் பிடித்து அவர் தொட்டிக்கு இழுத்துப் போனார்.

"மீதியையும் போடச் சொல்றாருய்யா" என்றார் முனிராஜ்.

நான் போடப் போட, மீன் வாயைப் பிளந்து பிளந்து தின்றது. அவர் கைதட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அவர் என் தப்பை மன்னித்தார் என்றுதான் வெகுநாள் சொல்லிவந்தேன். ரத்தப் பரிசோதனைக்காக என் மகளை வெறும் வயிற்றோடு உட்காரவைத்துவிட்டு, நானும் சாப்பிட மனமில்லாமல் இருந்த ஒரு காலையில்தான் புரிந்தது: அந்த மூன்று நாளும் அவரும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.