மதகு இல்லாத ரயில் பாதை

நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து எட்டு மாதமாக நான் கட்டிவரும் குட்டி ரயில் பாதையில், இன்று காலை முதல் ஓட்டம்.

பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். எங்கள் பக்கத்து வயல்காரர், கலியபெருமாள் அண்ணன்.

எஞ்சின் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. லெவல் கிராஸிங் கேட் தானாக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் ரயிலைப் பார்க்கவே இல்லை. பச்சை ஸ்பாஞ்சில் நான் செய்திருந்த வயலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"வாய்க்கா இந்தப் பக்கம் ஓடுது. நடுவுல ரயிலுக்கு மேடு போட்டுட்ட. அந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணி எப்படிம்மா போவும்?"

"அது பொம்மை வயல்ணே."

"இருக்கட்டும்மா. பயிரு நிக்குதுல்ல?"

ரயிலை நிறுத்தினேன். அவர் கம்பியால் தெர்மாகோல் மேட்டைக் குடைந்தார். நான் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை வெட்டி அதில் செருகினேன். தண்டவாளத்துக்கு அடியில் மதகு வந்துவிட்டது.

அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ராவின் மறுமுனை தெரிகிறதா என்று பார்த்தார். "இப்ப விடு ரயில" என்றார். அது ஒரு சுற்று முடித்து வந்ததும், அவர்தான் முதலில் கைதட்டினார்.

செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னார்: "அறுப்பு மிஷின் வயல்ல எறங்க வழி விடல பாரு நீ."

விரல் நீள அறுப்பு மிஷின் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மழை வருகிற மாதிரி இருக்கிறது.