மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

பசங்களா,

"உங்கப்பா பைத்தியங்களோட பேசுற வேலைதானே பாக்குறாரு"ன்னு வகுப்பில் யாரோ கேட்டதாகச் சொல்லி, ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை, தபால் வழியில் உளவியல் படித்துத் தேறியவன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக நான் தினமும் பஸ் பிடித்துப் போகிற சுகாதார நிலையம், மகாபலிபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே எனக்கென்று அறை கிடையாது. மருந்து கொடுக்கிற ஜன்னலை ஒட்டி ஒரு பச்சைத் துணி மறைப்பு, அதற்குள் ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். எந்தக் குப்பம் என்று உங்களிடமும் சொல்லமாட்டேன். தலைப்பிரசவம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெளியே பெஞ்சில் மாமியார் மடியில் குழந்தை.

"மீன் அறுக்க அருவாமனையில குந்தினா, புள்ளைக்கு நானே எதுனா பண்ணிடுவேனோன்னு நெனப்பு வருது சார். பயமா கீது," என்றாள். அருவாமனையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாளாம். மீனையும் அங்கேயே அறுத்து வாங்கிக்கொள்கிறாளாம். ராத்திரியில் கண்ணை மூடுவதே இல்லை.

இது பிள்ளை பெற்றவர்கள் சிலருக்கு வருகிற நோவு. அந்த நினைப்பைக் கண்டு இப்படி நடுங்குகிறவள் பிள்ளையைப் பாதுகாக்கிறவள்தான். அதைத்தான் அவளிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை புருஷனோடு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும், அதுவரை ராத்திரியில் யாராவது கூட இருந்து அவளைத் தூங்கவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். எழுந்து போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மறுநாள் காலையில் குப்பத்துப் பக்கம் போய்வந்த நர்சம்மா, "சார், குழந்தையைப் புடுங்கிக் கல்பாக்கம் பக்கம் நாத்தனார் வூட்டுல விட்டுட்டாங்க," என்றார்.

எப்படி என்று விசாரித்தேன். அப்புறம்தான் தெரிந்தது. மருந்து ஜன்னலில் இருந்த அம்மாள் துணிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து மாமியார் காதில், "உன் மருமவ புள்ளைய வெட்டப் பாக்குறா, ஜாக்கிரதை," என்று ஓதியிருக்கிறார். டீயும் பஜ்ஜியும் வந்த நேரத்தில் மற்றவர்களுக்கும் அதே கதை.

போய்க் கேட்டேன்.

"நல்லதுக்குத்தான் சார் சொன்னேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?" என்றார். அன்றைக்கும் விரலில் பஜ்ஜி எண்ணெய். அதை மாத்திரை அட்டைகளின் மேலேயே துடைத்துக்கொண்டார்.

"மனசு டாக்டருக்குக் கோவத்தைப் பாரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தியின் பயத்தைத் தொட்டுக்கொண்டு தின்கிற வாய்கள்!

நர்சம்மாவும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே மாமியார் மறித்தார்.

"இன்னா சார், எங்க வூட்டு வாரிசு! எங்களாண்ட சொல்லாம இன்னாத்துக்கு மூடிகினு இருந்தே?"

அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அவள் ஒரு சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. மாமியார் அந்த டம்ளரை வாங்கி எங்கள் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினார். "பைத்தியக்காரி பாலு புள்ளைக்கு ஆவாது."

அந்த வெள்ளை, சாக்கடைக் கறுப்பில் கலந்து போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

புருஷன் வலையைப் பிரித்தபடி குனிந்தே இருந்தான். நர்சம்மாதான் அவன் எதிரில் போய்க் குந்தினார். "யப்பா, பெத்தவ நீ இல்ல, அவ. நாளைக்கு டாக்டராண்ட கூட்டினு வா. அவரு வாயால கேளு. அப்பால முடிவு பண்ணு."

வந்தான். நான் சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார், மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம், வீட்டில் யாராவது கூட இருந்தால் போதும் என்றார். அவன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மனைவியைப் பஸ் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் பக்கம் போனானாம். சாயந்திரம் குழந்தை அவள் மடியில் இருந்தது என்று நர்சம்மா போன் பண்ணினார். பால் குறைந்துபோயிருந்தது, ஆனாலும் குழந்தை விடாமல் சப்பியதாம்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். "சாருக்கு நன்றி சொல்லச் சொன்னா. ஆனா அந்தத் துணிக்குள்ள வந்து இனிமே வாயத் தொறக்க மாட்டாளாம்."

மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டால் தனி அறை வருகிறபோது வரும். மருந்து ஜன்னல் அம்மாளோ அடுத்த நாளே, "கோவம் போச்சா சார்?" என்று டீ நீட்டினார். நான் வாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பிய பிறகு, உடைந்த கட்டில்கள் போட்டு வைத்திருந்த பின்கட்டு அறையைத் திறந்தேன். எலிப்புழுக்கையைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கட்டில்களை ஒரு ஓரமாக அடுக்கினேன். கடையில் வாங்கி வந்த தாழ்ப்பாளைக் கதவின் உள்பக்கம் அடித்தேன். பிறகு என் போனில் செய்தியை ஓடவிட்டு, ஒருத்தர் மெல்லப் பேசுகிற அளவுக்குச் சத்தத்தை வைத்து உள்ளே விட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தி, மரத்தில் காதை ஒட்டி நின்றேன்.

முணுமுணுப்பு கேட்டது. ஒரு வார்த்தையும் புரியவில்லை.