பில் வைக்க வேண்டிய தட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் தங்கும் விடுதி ஒன்று திறந்தோம். திறந்து இரண்டு மாதம் ஆகியும் ஒரு ஆள்கூட வந்து தங்கவில்லை. ரயில் கூவும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன். இறங்கி வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். திரும்பி வந்து, யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பை உதறி மறுபடி விரிப்பேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் அதற்குமுன் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெங்களூர் கன்டோன்மென்டில் வெள்ளைக்காரர் நடத்தும் பெரிய ஓட்டலில், பணம் கட்டினால் இரண்டு வருடம் ஓட்டல் நடத்தும் வித்தையைச் சொல்லிக்கொடுத்து, முத்திரை போட்ட சர்ட்டிபிகேட் தருகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். சம்பளம் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும். அதற்கு என் ரெட்டை வடச் சங்கிலி போயிற்று. அடகுகூட இல்லை, ஒரேயடியாக விற்றாயிற்று. அந்தக் காசுக்கு ரெண்டு எருமை வாங்கிக் கட்டலாமே என்று என் தாய்மாமா தலைதலையாக அடித்துக்கொண்டார். நான்தான் கழற்றிக் கொடுத்தேன். கேட்கும்போது அவர் முகம் அப்படி இருந்தது.

இரண்டு வருடம் கழித்து வந்தவர் ஆளே மாறியிருந்தார். கைத்துண்டை விசிறி மாதிரி மடித்தார். சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் நின்று பரிமாற வேண்டும் என்றார். கிளம்புகிற அன்று சாப்பாடு முடிந்ததும் சின்னத் தட்டில் பில்லை வைத்து, மேலே துணி மூடி, அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். காசு கேட்பதில்கூட இவ்வளவு நாசூக்கா என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துபோனோம். எங்கள் ஊருக்குத் தோல் வாங்க வருகிறவர் யாரும் காசு கொடுத்துச் சாப்பிட்டதே இல்லை. கான்பூரிலிருந்து வந்தாலும் கல்கத்தாவிலிருந்து வந்தாலும் முதலாளியின் ஜட்கா வண்டி ஸ்டேஷனில் நிற்கும். வந்தவர் அவர் வீட்டில் தங்குவார், அவர் வீட்டில் சாப்பிடுவார். தன்னைத் தேடி வந்தவன் வெளியில் காசு கொடுத்துச் சாப்பிட்டான் என்று தெரிந்தால் அந்த முதலாளி தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இது எங்களுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். இருந்தும் சங்கிலியை விற்கும்போது இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லையே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. காலிக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இந்நேரம் அந்த எருமைகள் கன்று போட்டிருக்குமே என்பேன். அவர் துண்டை மடிப்பார்.

இரண்டு மாதம் முடிந்த வாரம் அவருடைய பழைய முதலாளி ஆள் அனுப்பினார். கணக்கு வேலை மறுபடி காலியாகியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சரியென்றால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள். அவர் போனால் வீட்டில் அடுப்பு எரியும், சங்கிலி போனது போனதுதான். போகாவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை. 

வியாழக்கிழமை மத்தியானம் ஊரிலேயே பெரிய தோல் ஷாப் முதலாளியின் தம்பி வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். அவர்களுடைய அம்மா அன்று காலையில் மௌத்தாகிவிட்டார். சாவு நடந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். கான்பூரிலிருந்து மூன்று வியாபாரிகள் சாயங்கால வண்டியில் வருகிறார்கள், தடுக்க வழியில்லை. “ரெண்டு வேளை பார்த்துக்கோப்பா, எங்க மானம் உன் கையில இருக்குது” என்றார்.

என் வீட்டுக்காரர் கை கால் அன்றைக்கு ஓடிய வேகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வந்தவர்களுக்குக் குளிக்க வெந்நீர், தலைமாட்டில் விளக்கு, காலையில் சவரத்துக்குச் சுடுதண்ணீர். நான் திரைக்குப் பின்னால் அடுப்படியில் நெய்ச்சோறும் குருமாவும் ஆக்கித் தள்ளினேன். வந்தவர்கள் இந்துஸ்தானியில் என்னவோ புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார்கள். சங்கிலி போன இடம் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து சாப்பாடு. அது முடிந்ததும் அவர்களுக்கு வண்டி. விருந்தாளிகளை வழியனுப்ப அந்தப் பெரிய தோல் ஷாப் முதலாளி பாயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தாயை அடக்கம் செய்து ஒரு நாள்கூட ஆகவில்லை, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் தட்டோடு திரைக்கு உள்ளே வந்தார். தட்டில் காலையிலேயே எழுதி வைத்த பில்.

“இன்னா பண்ணப் போறீங்க?” என்றேன்.

“பில் வெக்கணும். அதான் முறை.”

“பாய் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. அவரோட விருந்தாளிங்க கிட்ட காசு கேட்டுட்டு இந்த ஊர்ல நாம நடமாட முடியுமா?”

“கேக்காட்டி மட்டும்? சாயங்காலம் நான் போய் பழைய முதலாளி முன்னாடி கை கட்டி நிக்கணும். ரெண்டு வருஷம் எதுக்குக் கத்துக்கினேன்?”

அவர் தட்டை அங்கேயே வைத்து, பில்லின்மேல் துணியை மூடிவிட்டு, விருந்தாளிகள் கை கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் துணியைத் தூக்கினேன். பில்லை எடுத்து இடுப்பில் செருகினேன். எனக்கென்று வாங்கி வைத்திருந்த வெற்றிலையைத் துடைத்து, பாக்கோடு தட்டில் அடுக்கி, துணியைப் பழையபடி மூடிவைத்தேன்.  நான் செய்தது சரியா, என் சங்கிலிக்கு நானே கொள்ளி வைத்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனார். கற்றுக்கொண்டபடியே யார் முகத்தையும் பார்க்காமல் வைத்தார். ஒரு வியாபாரி துணியை விலக்கினார். வெற்றிலையைப் பார்த்ததும் மூன்று பேரும் சிரித்த முகத்தோடு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றார். திரை இடுக்கில் அவர் முகத்தைப் பார்த்தவள், அதற்குமேல் பார்க்க முடியாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

விருந்தாளிகளும் பாயும் ஜட்காவில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் வெறும் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

அவர் வாசற்படி இறங்கும்போது அதே ஜட்கா திரும்பி வந்து நின்றது. பாய் மட்டும் இறங்கினார். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“உள்ளே நுழையும்போதே பார்த்துட்டேன், நீ பில்லை மடிச்சுத் தட்டுல வெச்சே. அவங்க அந்தத் துணியைத் தூக்கும்போது எனக்கு உசிரே போய்டுச்சு” என்றார். “எங்கேப்பா அந்தப் பில்லு?”

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தார். நான் இடுப்பிலிருந்து எடுத்துத் திரைக்கு வெளியே கையை நீட்டினேன். வேர்வையிலும் குருமாவிலும் ஊறி, எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. பாய் அதை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே என் விருந்தாளிங்க இங்கதான் தங்கட்டும். பில்லு என் ஷாப்புக்கு வரணும், மாசா மாசம். அவங்க கண்ணுல படக் கூடாது.” எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். “எங்கம்மா படுக்கையில விழற வரைக்கும் யாருக்கோ ஆக்கிப் போட்டுக்கினேதான் இருந்தாங்க. ஒரு நாளும் நான் அதைக் கணக்குல எடுத்துக்கல.” முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் அழுதேன்.

என் வீட்டுக்காரர் அன்று பழைய வேலைக்குப் போகவில்லை. பாயைப் பார்த்து மற்ற முதலாளிகளும் ஒவ்வொருவராக விருந்தாளிகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். விருந்தாளிக்குச் சமைக்கும் வேலை இல்லாமல் அந்த முதலாளி வீட்டுப் பெண்கள் கொஞ்சம் உட்கார்ந்தார்கள், நான் உட்காரவில்லை. விருந்தாளி வந்ததிலிருந்து போகும் வரை எனக்கு அடுப்படிதான். மற்றபடி நன்றாகவே வாழ்ந்தோம். ஆனால் சங்கிலி மட்டும் திரும்ப வரவில்லை. வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கட்டில், பாத்திரம், பிள்ளைகள் படிப்பு என்று ஒன்று முன்னால் வந்து நின்றது.

அவருடைய சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். எந்த விருந்தாளியும் அதை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நம்மைத் தூக்கி நிறுத்தினது அந்தப் படிப்புதான் என்பார் அவர். வெற்றிலைதான் என்பேன் நான். அவர் படித்த வெந்நீரும் விரிப்பும் இல்லாவிட்டால் பாயின் தம்பி எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும், அதை அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது, பையனைப் பணம் கட்டி ஓட்டல் படிப்புக்கு அனுப்பலாமா, போட்ட காசு திரும்புமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். லாபம்தான், தைரியமாக அனுப்புங்கள் என்று வாய் சொல்லிவிடுகிறது. கை மட்டும் இன்னமும் வெறும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது.