நான் வாங்க மறுத்த கவர்

இன்று காலை வானகரம் பஸ் நிறுத்தத்தில் முனுசாமியைப் பார்த்தேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர்.

தொண்ணூறுகளில் நான் ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் கிளார்க். டெண்டர் வேலைக்காக எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

"டெண்டர் பெட்டியைப் பூட்டின பிறகு வர்ற கவரைப் பிரிக்காம திருப்பிக் குடுத்துடணும்" என்றார் பயிற்சி அதிகாரி.

"தெரிஞ்சவரா இருந்தா சார்?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தாம்மா முதல்ல."

எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரமே முனுசாமி டெண்டர் கவரோடு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். வழியில் சைக்கிள் பஞ்சர். பெட்டியைப் பூட்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"உள்ள போட்டுடுங்க மேடம். இந்த ஆர்டர் இல்லேன்னா பட்டறைய மூடிட்டு ஊட்ல குந்திக்க வேண்டியதுதான்."

பயிற்சிக்கு முன்பென்றால் போட்டிருப்பேன். கவரைத் திருப்பிக் கொடுத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இன்று அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கு உங்க மேல செம கடுப்பு மேடம். ஆறு மாசம் பட்டறைய மூடித்தான் வச்சிருந்தேன். அப்பால ஒரு நாள் பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் கார்ல லேட்டா வந்தான். அவன் கவரையும் நீங்க வாங்கல. பழைய பில் பாக்கி கேக்க வந்த நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். அதப் பாத்துட்டுத்தான் மறுபடியும் டெண்டர் போட்டேன்."

நான் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவு வரவில்லை.

டெண்டர் வேலை பார்த்தவர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விதியை மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே மனப்பாடம்.