நஷ்டத்துக்கு முழு மதிப்பெண்

கணிதமும் பொருளாதாரமும் சேர்ந்த பட்டத்தை நான் தபாலில் படித்தேன். இப்போது அதைத் தொலைநிலைக் கல்வி என்று அழகாகச் சொல்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கார மாமிக்கு அது தபால்தான். "கணக்கைக்கூடத் தபால்ல அனுப்புவாளா? பேஷ்" என்றார். பேஷ் என்பதை அவ்வளவு இளக்காரமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஜூன் மாதம் பட்டத்தோடு வந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கு உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலையின் மேல் எனக்கு ஆசை இல்லை, வெறியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வகுப்புக்குப் போவேன். வகுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. சார் வருவார், ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், கைடைப் பிரித்து வாசிப்பார். பலகையில் ஒரு கோடு கிழிக்கமாட்டார். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ், பிராக்கெட் குளோஸ் என்று பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி போய்க்கொண்டே இருப்பார். பின்வரிசையில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார். உருப்படியாக ஏதோ செய்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

அசைன்மென்ட் கூத்து இதைவிட அசிங்கம். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராகக் கிடைக்கும். கைடில் இருப்பதுதான். எல்லோரும் அதை வாங்கி, முத்து முத்தான கையெழுத்தில் காப்பியடித்து, மார்ஜின் போட்டு, மூலையில் நூல் கட்டிக் கொடுப்பார்கள்.

கடைசி வருடம் ஒரு கணக்கு வந்தது. ஒரு வியாபாரி எவ்வளவு சரக்கு தயாரித்தால் லாபம் அதிகமாக இருக்கும்? போட்டுப் பார்த்தால் இரண்டு விடை வரும். ஒன்றில் லாபம் உச்சிக்குப் போகும், மற்றதில் அதலபாதாளத்துக்குப் போகும். எது எது என்று தெரிய இன்னொரு தரம் டிஃபரன்ஷியேட் பண்ண வேண்டும். கைடு எழுதிய மகானுக்கு அந்தப் பொறுமை இல்லை. முதலில் கிடைத்ததை விடை என்று போட்டுவிட்டார். கடையை இழுத்து மூடுகிற விடை அது. வகுப்பே அதைக் காப்பியடித்தது. பெரிய கடைவீதியில் சொந்தக் கடை வைத்திருந்தவரும் வெட்கமில்லாமல் அதையே எழுதினார். நான் மட்டும் நானே போட்டு, சரியான விடையை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் தாளில் குறுக்கே சிவப்புக் கோடு.

"என்னம்மா, எல்லாரும் ஒண்ணு எழுதியிருக்காங்க, நீங்க மட்டும் வேற எழுதியிருக்கீங்க?"

"அது நஷ்டம் சார். இன்னொரு தரம் டிஃபரன்ஷியேட் பண்ணிப் பாருங்க."

அவர் பேனாவை எடுத்து, என் தாளின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தார். 

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மத்தவங்களுக்கெல்லாம் மார்க் போட்டு அனுப்பியாச்சு. உங்களுக்கு இப்ப ரைட் போட்டா அவங்களுக்கெல்லாம் தப்புன்னு ஆயிடும். சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதிக் கொடுங்க, பாஸ் போட்டுடறேன்."

நான் மாற்றவில்லை. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "எழுதிக் கொடுத்துட்டு வர வேண்டியதுதானே? அந்த வியாபாரி என்ன உன் சித்தப்பாவா?" அந்த ஒரு கணக்குக்கே பாதி மதிப்பெண் என்பதால் அந்த அசைன்மென்ட்டில் ஃபெயிலானேன்; அதில் தேறாமல் பட்டம் கிடையாது. ஜூனில் காட்டூர் பள்ளிக்கூடம் வேறொருவரை எடுத்துக்கொண்டது. வயிறு எரிந்தது. காப்பியடித்தவர்கள் பட்டம் வாங்கி, கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்து, போட்டோ பிடித்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் வாழ்த்துச் சொன்னேன்.

அடுத்த வருடமும் அதே கேள்வி. கேள்வியை மாற்றக்கூட அவர்களுக்குச் சோம்பல். நானும் அதே விடையை எழுதினேன். இந்தத் தடவை வேறொரு சார். முகப்பில் முழு மதிப்பெண், பக்கத்தில் வெரி குட். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே அந்தக் கணக்கைத் தேடினேன். கணக்குக்காக நான் ஒட்டியிருந்த வரைபடத் தாளின் பசை கசிந்து, கணக்கு எழுதிய இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நகத்தால் கீறித்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே சிவப்பு மை எங்கேயும் இல்லை.

பட்டம் வந்துவிட்டது. காட்டூரில் இடம் காலியாகவில்லை, நான் இன்னும் மருந்துக்கடையில்தான் இருக்கிறேன். அந்தப் படிப்பு முழுவதிலும் நான் போட்ட கணக்கை உட்கார்ந்து படித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர். என்னை ஃபெயிலாக்கியவர்.