வெள்ளிக் கிரகத்துக் கவசம்

நெருப்பைப் பார்ப்பதுதான் என் வேலை. யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்துச் சுருவிலில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடம். வெள்ளிக் கிரகத்தின் தடித்த காற்றுக்குள் பாய்ந்து இறங்கும் விண்கலம் எரிந்துபோகாமல் காக்கும் கவசத்தை அங்கே சோதிக்கிறார்கள். காபன் நாரில் நெய்த உள்ளங்கையளவு துண்டை நிறுத்தி, மின்சாரத்தால் காய்ச்சிய வாயுவை அதன்மேல் பீய்ச்சுவார்கள். துண்டு வெள்ளையாக ஒளிரும். மேற்பரப்பு தேய்ந்து தேய்ந்தே வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். கமரா எடுக்கும் படங்கள் ஒவ்வொன்றிலும் விளிம்பு எங்கே நிற்கிறதென்று கோடு போட்டு அனுப்புவது நான். பௌதிகவியல் படித்து முடித்த கையோடு, அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்ததால் ஊருக்குத் திரும்பியவள். அண்ணை கனடாவில் இருக்கிறார்.

போன வருடம் வந்த ஒரு படத்தொகுதியில், துண்டின் இரு பாதிகளை ஒட்டிய இடம் மற்ற இடங்களை விட வேகமாகத் தேய்ந்து கீழே போனது. மயிரிழை அளவுதான். எழுதி அனுப்பினேன். கமராக் கண்ணாடியில் பட்ட ஒளியாக இருக்கும் என்று அங்கிருந்த பொறியியலாளர் பதில் போட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. முதற் படத்திலிருந்து திரும்பத் தொடங்கி, அந்த ஒட்டை மட்டும் மூன்று நாள் அளந்தேன்.

"இன்னும் அந்த நெருப்பைத்தான் பாக்கிறியோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. ஒரு இடத்தில ஒட்டு விடுது."

"சாப்பிட்டிட்டுப் பார்."

அளந்ததை அனுப்பினேன். ஒரு கிழமை பதில் இல்லை. அதற்குள் அம்மாவை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஊர் அக்கா ஒருவர் கேட்டார்.

"நீர் இப்ப என்ன வேலை செய்யிறீர்?"

"கொம்பியூட்டரில படம் பாக்கிறனான் அக்கா."

"கலியாண வீட்டுப் படங்களோ? அல்பம் செய்து குடுக்கிறனீரோ?"

விளக்கலாமென்று வாயெடுத்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. "ஓம்" என்றேன். அவர் தன் மகளின் கலியாண அல்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த கிழமை பொறியியலாளர் அழைத்தார். துண்டை அறுத்துப் பார்த்தார்களாம். ஒட்டினூடாக வெப்பம் பின்பக்கம் வரைக்கும் போயிருந்ததாம். அந்த ஒட்டு முறையை மாற்றப் போகிறோம், நீங்கள் சொன்னது சரி என்றார். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, வேறு கூட்டம் இருக்கிறதென்று போனை வைத்துவிட்டார்.

உடனே அண்ணைக்குக் கோல் எடுத்தேன். "கார் ஓடுறன், பிறகு கதைக்கிறன்" என்றார். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த சிநேகிதிக்கு நீளமாக எழுதினேன். அடுத்த நாள் ஒரு இதயப் படம் வந்தது. கடைசியில் அம்மாவின் கட்டிலில் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஆக்கள் போகினமோ?"

"இல்லை அம்மா, கருவிகள் மட்டுந்தான்."

"பிறகென்னத்துக்கு நீ இப்பிடிக் கிடந்து யோசிக்கிறாய்?"

அவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்துப் புதிய ஒட்டின் சோதனைப் படங்கள் வந்தன. கோடு போடுவதை விட்டுவிட்டு முதலில் ஓடவிட்டுப் பார்த்தேன். வாயு பாய்ந்தது. துண்டு ஒளிர்ந்தது. ஒட்டு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. முழு மேற்பரப்பும் ஒரே சீராகத் தேய்ந்தது. கடைசிப் படம்வரை தாங்கியது. என்னை அறியாமல் எழும்பி நின்று கை தட்டினேன்.

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஆர் வந்திருக்கினம், பிள்ளை?"

"ஒருத்தரும் இல்லை அம்மா" என்றேன்.